ஆமைக்கு வெயில் வேண்டும்: மீன் கடைகளில் நடக்கும் பிழைகள்

மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனைப் பக்கங்களில் ஆமை பெரும்பாலும் வளர்ப்பு மீன் கடையில்தான் கிடைக்கும். கப்பிக்கும் கோல்ட் பிஷ்ஷுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தொட்டியில் ஐந்து ரூபாய்க் குற்றியை விடக் கொஞ்சம் பெரிய பச்சைக் குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருந்தால் அது சிவப்புக் காது ஆமை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கு அதன் சொந்த இடம். மீனுக்காக அமைத்த கடையில் அதையும் மீன் போலவே வைத்திருப்பதுதான் மற்றப் பிழைகளுக்கெல்லாம் வேர். ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. நன்றாக நீந்தும், ஆனாலும் தினமும் சில மணி நேரம் தண்ணீரை விட்டு ஏறி, ஓடு முழுதாகக் காயும்வரை சூட்டில் கிடக்க வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் வளர்ப்புக் குறிப்புகளில் பாதி குளிர் நாட்டுக்காரர் எழுதியவை. தண்ணீரைச் சூடாக்கு, அறையைச் சூடாக்கு என்பார்கள். நம் ஊரில் வருடத்தில் ஒன்பது மாதம் அது தேவையே இல்லை. இங்கே குஞ்சுகளைக் கெடுப்பது வெயிலின்மை. வாசலில் சும்மா கொட்டுகிற வெயில் பின்சுவர் ராக்கையில் இருக்கும் தொட்டிக்கு எட்டுவதில்லை.

வெயிலில் உள்ள யூவீபி (UVB) என்ற கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் ஆமையின் உடல் விட்டமின் டி3யைச் செய்யும். அது இல்லாவிட்டால் எவ்வளவு கல்சியம் கொடுத்தாலும் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. அப்போது உடல் எலும்பிலும் ஓட்டிலும் இருந்து கல்சியத்தை எடுக்கும். ஓட்டின் ஓரம் நனைந்த அட்டை போல வளையும், பிறகு மேடும் பள்ளமுமாகக் கோணும், பின்கால் இழுபடும். பிறந்த குஞ்சின் ஓடு கொஞ்சம் நெகிழ்வாக இருப்பது இயல்பு. உள்ளங்கை அளவு வளர்ந்த பிறகும் விரலுக்கு அமுங்கினால் அது நோய்.

யூவீபி கண்ணாடியையும் சாதாரண பிளாஸ்டிக்கையும் கடக்காது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. யன்னலோரம் வைத்த தொட்டிக்கு வெளிச்சமும் சூடும் வரும், வேண்டிய கதிர் வராது. கண்ணாடித் தொட்டியை நேரே முற்றத்து வெயிலில் தூக்கி வைப்பது அதை விட மோசம். சிறிது நேரத்திலேயே உள்ளே கிடப்பது வெந்துவிடும்.

சரியான முறைக்குப் பெரிய செலவில்லை. 60 சென்டிமீட்டர் நீளமான பிளாஸ்டிக் பேசின் ஒன்றில் ஓட்டின் உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். ஏறி நிற்க ஒரு செங்கல் வையுங்கள். பேசினில் பாதியைப் பலகையால் மூடுங்கள், சூடு கூடினால் ஆமை தானே நிழலுக்குப் போகும். காலை எட்டுக்கும் ஒன்பதரைக்கும் இடையில் 20 முதல் 30 நிமிடம், கிழமைக்கு நாலைந்து நாள். ஏழு மணி வெயில் இதமாக இருக்கும், ஆனால் அதில் யூவீபி மிகக் குறைவு. பதினொரு மணிக்குப் பின் ஆழமில்லாத தண்ணீர் உயிருக்கு ஆபத்தான அளவுக்குச் சுடும். மேலே கம்பி வலை போடாமல் உள்ளே போய்விடாதீர்கள். காகத்துக்கு ஒரு நிமிடம் போதும்.

வெயிலுக்கு வழியில்லாத கடை யூவீபி குழாய் விளக்கு போட வேண்டும். மீன் தொட்டிக்குப் போடும் நீல எல்ஈடியில் அந்தக் கதிர் இல்லை. 5.0 என்று குறித்த குழாயைக் காயும் இடத்துக்கு மேலே 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில், இடையில் கண்ணாடி மூடி இல்லாமல் பூட்டி, நாளுக்கு 10 முதல் 12 மணி நேரம் எரிய விடுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் மாற்ற வேண்டும். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், கதிர் மட்டும் தேய்ந்துபோயிருக்கும். பூட்டிய திகதியை ஒரு டேப்பில் எழுதி ஒட்டிவிட்டால் சண்டையில்லை.

அடுத்தது சூடு. தண்ணீர் 24 முதல் 28 பாகை செல்சியஸ், காயும் இடம் 30 முதல் 33 பாகை. தகரக் கூரைக் கடையில் சித்திரை வைகாசியில் தண்ணீரே 32ஐத் தாண்டும். ஆள் இருக்கும்போது பிரச்சினை தெரியாது, காற்றாடி சுழலும், கதவு திறந்திருக்கும். ஜும்மாவுக்கோ மத்தியானச் சாப்பாட்டுக்கோ ஷட்டரை இழுத்துவிட்டு, காயும் இடத்துக்கு மேலே உள்ள சூட்டு விளக்கை எரியவிட்டுப் போகிற இரண்டு மணி நேரத்தில்தான் குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். கடை மூடினால் சூட்டு விளக்கையும் நிறுத்துங்கள். அளவு தெரிய ஒவ்வொரு தொட்டியிலும் வெப்பமானி வேண்டும், கையை விட்டுப் பார்ப்பது அளவல்ல. தண்ணீர் சுட்டுவிட்டால் ஐஸ் கட்டியை உள்ளே கொட்டாதீர்கள். நிழலுக்கு மாற்றி, சாதாரணத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள்.

கார்த்திகை, மார்கழி, தை மாரியில் மட்டும் கதை மாறும். வெயில் பல நாள் வராது, இரவில் தண்ணீர் 24க்குக் கீழே இறங்கும், குஞ்சு சாப்பாட்டை விடும். அந்தக் காலத்துக்கு 50 லீற்றருக்கு 50 வாட் ஹீட்டர் ஒன்று போதும். துளையிட்ட பிவிசி குழாய்க்குள் அதை விடுங்கள், இல்லாவிட்டால் ஆமை இடித்துக் கண்ணாடி உடையும். தண்ணீர் மாற்றுமுன் பிளக்கைக் கழற்றுங்கள்.

தண்ணீரில் நடக்கும் பிழை இரண்டு விதம். ஒன்று, இரண்டு விரல் ஆழத்தில் பதினைந்து குஞ்சு. மற்றது, தொட்டி நிறையத் தண்ணீர், ஏறி நிற்க ஒன்றுமே இல்லை. முதலாவதில் கழிவு கூடி அமோனியா கண்ணையும் தோலையும் எரிக்கும், ஒன்றின் வாலை ஒன்று கடிக்கும். இரண்டாவதில் நீந்தி நீந்திக் களைத்து மூழ்கும். ஓட்டின் நீளத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழம், முழு உடலும் வெளியே வரக்கூடிய ஒரு மேடை, சாய்வான ஏறுபாதை: இது குறைந்தபட்சம். கடையில் சில கிழமை மட்டும் வைப்பதென்றால் 60×30×30 சென்டிமீட்டர் தொட்டியில் நாலு குஞ்சுக்கு மேல் வேண்டாம். வீட்டில் ஓட்டின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 15 லீற்றர் என்று கணக்கு வைக்கலாம்.

ஆமை மீனை விடப் பல மடங்கு அழுக்கு செய்யும். தொட்டியைப் போல இரண்டு மடங்கு தண்ணீருக்கு என்று எழுதியுள்ள பில்டரை வாங்குங்கள். பில்டர் இல்லாத பேசினில் தினமும் முழுத் தண்ணீரும் மாற வேண்டும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்த வாளியில் வைத்துவிட்டு ஊற்றினால் குளோரின் போகும், பில்டரில் வாழும் நல்ல பக்டீரியா சாகாது. மீனுக்குப் போடும் பொடிக் கல்லை அடியில் பரப்பாதீர்கள். ஆமை அதை விழுங்கும், குடல் அடைக்கும். அதன் தலையை விடப் பெரிய கல், அல்லது வெறும் அடி.

சாப்பாட்டில் காய்ந்த இறால் டப்பா மட்டுமே கொடுப்பது பரவலான வழக்கம். அதில் விட்டமின் ஏயும் கல்சியமும் போதாது. ஆமைக்கென்று விற்கும் குறுணையை அடிப்படையாக வைத்து, மண்புழு, உப்பில்லாத பச்சை இறால், சின்னத் துண்டு மீன் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். வளர வளர இலை கூட வேண்டும்: முருங்கை இலை, அசோலா, ஆற்றுவாழை இலை, துருவிய கரட், பூசணி. சோறும் பாணும் வேண்டாம், உப்புக் கருவாடு வேண்டவே வேண்டாம். கல்சியத்துக்குக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை எடுத்து, இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை நீக்கி, அவித்துக் காயவைத்து, ஒரு துண்டைத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். தேவையானபோது கடிக்கும்.

கண் வீங்கி மூடிக்கொண்டால் கடைக்காரர் மீன் மருந்தான நீலத் துளியை ஊற்றுவார். வீக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் விட்டமின் ஏ குறைவும் அழுக்குத் தண்ணீரும், நீலத் துளி இரண்டையும் தீர்க்காது. ஒரு பக்கம் சாய்ந்து மிதப்பதும், மூக்கில் குமிழி வருவதும் நிமோனியாவின் அறிகுறி. அது நாள் கணக்கில் கொல்லும், உடனே கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். மாட்டுக்கும் நாய்க்கும் புழுவுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் ஆமைக்கு நஞ்சு. வீட்டில் மிச்சம் இருக்கிறதென்று அதைத் தொடாதீர்கள், வைத்தியருக்கும் ஞாபகப்படுத்துங்கள், ஆமை நோயாளியாக அவரிடம் வருவது அரிது.

ஆரோக்கியமான ஆமையும் சல்மொனெல்லா என்ற குடல்நோய்க் கிருமியைச் சுமக்கும். ஓடு 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமை விற்பதை அமெரிக்கா 1975இல் தடுத்ததும் பிள்ளைகளுக்கு அந்தத் தொற்று வந்ததால்தான். தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். பேசினைக் குசினித் தொட்டியில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள வீட்டுக்கு விற்காமல் விடுவதே நல்லது.

“இவ்வளவுதான் வளரும்” என்று சொல்லி விற்பது பச்சைப் பொய். பெட்டை 25 முதல் 30 சென்டிமீட்டர் வளரும், 20 முதல் 30 வருடம் இருக்கும். அப்போது 150×90×45 சென்டிமீட்டர் சீமெந்துத் தொட்டி கேட்கும். அதற்கு இடமில்லாதவர்தான் ஒரு நாள் பையில் போட்டுக் கொண்டுபோய் வாவியிலோ உன்னிச்சைக் குளத்திலோ விடுகிறார். உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இந்த ஆமையும் இருக்கிறது. நம் குளத்துப் பாலாமையின் சாப்பாட்டையும் காயும் இடத்தையும் பிடிக்கும், நோயும் கொண்டுபோகும். வளர்க்க முடியாதவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும் கடையாகப் பார்த்து, அதை முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

அம்பாறை வயல்களில் அறுவடையில் அகப்படும் பாலாமை, நட்சத்திர ஆமை, உடும்பு எதையும் கடையில் வைப்பது வேறு கதை. இவை 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. நட்சத்திர ஆமையின் பன்னாட்டு வணிகமும் 2019இல் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. யாராவது சாக்கில் கொண்டுவந்து நீட்டினால் வாங்காதீர்கள், வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். வயலில் கண்டது என்றால் கண்ட இடத்திலேயே விட்டுவிடலாம்.