பயணத்துக்குக் கட்டும் காலை உணவு: புறப்படும் முன்பே நடக்கும் தவறுகள்

உப்புமா மிக்ஸ், புளிக்காய்ச்சல், அவல் என்று கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்புவது நல்ல பழக்கம். குழந்தைகளும் வயதானவர்களும் கூட வரும்போது, தெரியாத ஊரில் காலையில் கடை தேடி அலையாமல் சூடாக ஏதாவது கொடுத்துவிடலாம். ஆனால் அங்கே போய்ச் சொதப்புவதற்கான காரணம் பெரும்பாலும் நம் வீட்டு அடுப்படியிலேயே தொடங்கியிருக்கும்.

முதல் தவறு, பதார்த்தத்தை முடிவு செய்துவிட்டு அப்புறம் அடுப்பைப் பற்றி யோசிப்பது. தங்கும் அறையில் கெட்டில் மட்டும்தான் இருக்கும் என்றால், வெந்நீர் ஊற்றி மூடிவைத்தாலே பதமாகிற பொருள்தான் சரிப்படும்: நன்றாக வறுத்த வெள்ளை ரவை, அவல். கோதுமை ரவையும் பொங்கல் மிக்ஸும் தீயில் இருந்து வேக வேண்டியவை. மலைப்பகுதி என்றால் இன்னும் சிரமம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதித்தாலும் பருப்பு கடிபடும். குக்கர் இல்லாமல் அங்கே பொங்கலுக்கு ஆசைப்பட வேண்டாம்.

உப்புமா மிக்ஸ் கெட்டுப்போவது ஈரத்தால்தான். பச்சை மிளகாய், இஞ்சி, வெங்காயம், தேங்காய் நான்கையும் மிக்ஸில் சேர்க்கவே கூடாது. எண்ணெயில் வதக்கிவிட்டோமே என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். உள்ளே ஈரம் இருக்கத்தான் செய்யும். அதற்குப் பதில் காய்ந்த மிளகாயும் சுக்குப் பொடியும் போடுங்கள், வாசனை குறையாது. கறிவேப்பிலையைக் கழுவி, துணியில் துடைத்து, கையில் நொறுங்கும் அளவுக்குப் பொரிக்க வேண்டும். ரவையைத் தாளிப்போடு சேர்த்து வறுத்ததும் சூட்டோடு டப்பாவில் போட்டு மூடுவது அடுத்த தவறு. மூடியில் ஆவி வேர்த்து உள்ளே சொட்டும், ரவை கட்டி தட்டும், பூஞ்சையும் வரும். தாம்பாளத்தில் பரப்பி முழுக்க ஆறவிட்ட பிறகு, ஒரு வேளைக்கு ஒன்றாகத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டுங்கள். பெரிய டப்பாவைத் தினமும் திறந்து ஈரக் கரண்டி போட்டால் இவ்வளவு பாடும் வீண்.

உப்பையும் வீட்டிலேயே அளந்து சேர்த்துவிடுவது நல்லது. ஒரு டம்ளர் ரவைக்கு இரண்டு டம்ளர் கொதிக்கும் தண்ணீர். கிளறி, மூடி, பத்து நிமிடம். அளந்த அதே டம்ளரைப் பையில் போட மறக்கிறோம், அங்கே கிடைக்கும் பேப்பர் கப்பில் குத்துமதிப்பாக ஊற்றுகிறோம், அது கஞ்சியாகிறது. கெட்டிலுக்குள்ளேயே ரவையைக் கொட்டிக் கிண்டவும் வேண்டாம். அடிப்பிடிக்கும், அடுத்து வருகிறவருக்கும் அந்தக் கெட்டில் உதவாது. மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு ஒன்று போதும்.

இட்லி மாவு எடுத்துப்போகிறவர்கள் டப்பாவை நிறைத்து இறுக்கி மூடிவிடுகிறார்கள். வண்டிச் சூட்டில் மாவு பொங்கி மூடியைத் தள்ளும். பாதி டப்பா மட்டும் நிரப்பி ஐஸ் பெட்டியில் வைத்தால் மறுநாள் காலை தோசைக்கு ஆகும். அதற்கு மேல் புளித்துவிடும். புளிக்காய்ச்சல் அப்படியில்லை, புளியும் உப்பும் நல்லெண்ணெயும் அதைக் காப்பாற்றும். சோற்றை மட்டும் அங்கே போய் வடித்துக் கிளறுங்கள். முதல் நாள் இரவே கிளறி மூடிவைத்த சாதத்தை மறுநாள் வெயிலேறிய பிறகு குழந்தைக்குக் கொடுப்பது ஆபத்து. சோற்றில் வளரும் கிருமி உண்டாக்கும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

ரயிலில் மட்டும் எதையும் சமைக்கவே சமைக்காதீர்கள். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த சிலிண்டர்தான் காரணம். செல்போன் சார்ஜ் செய்யும் இடத்தில் கெட்டிலைச் செருகுவதும் ரயிலில் தடை செய்யப்பட்டதுதான். ரயில் இரவுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லியோ சப்பாத்தியோ போதும். ரவைப் பொட்டலத்தை இறங்கிய ஊரில் பிரித்துக்கொள்ளலாம்.