வகுப்பில் மருந்தோடு வரும் பிள்ளை: புதிய ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

திருகோணமலையில் முதல் நியமனம் கிடைத்துப் பாடசாலைக்குப் போனால் வரவு இடாப்பு தருவார்கள், நேரசூசி தருவார்கள். எந்தப் பிள்ளைக்கு முட்டு (ஆஸ்துமா), எந்தப் பிள்ளைக்கு வலிப்பு என்று யாரும் எழுதித் தருவதில்லை. நம் அரச பாடசாலைகளில் தாதி என்று ஒருவர் இருப்பதும் இல்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஏற்பாடு செய்யும் மருத்துவப் பரிசோதனை பெரிய பாடசாலைகளில் 1, 4, 7, 10ஆம் தரங்களுக்குத்தான் நடக்கும். மற்ற நாட்களில் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் முதலில் ஓட வேண்டியவர் நீங்கள். அதற்கு என்னென்ன தயார்செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

முதல் தவணை தொடங்கி இரண்டு கிழமைக்குள் இதை முடித்துவிடுங்கள். பெற்றோர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டாம். வலிப்பு இருப்பதை, அதுவும் பெண்பிள்ளை என்றால், நாலு பேர் முன்னால் எந்த அம்மாவும் சொல்லமாட்டார். நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வந்து நிற்குமே என்ற பயம் அவருக்கு. தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். "பிள்ளைக்கு ஏதும் வருத்தம் இருக்கா?" என்று கேட்டால் "ஒண்டும் இல்லை டீச்சர்" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: எந்தக் கிளினிக்குக்குப் போகிறது? தினமும் ஏதாவது மருந்து எடுக்கிறதா? எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது? எப்போதாவது ஆஸ்பத்திரியில் மறித்தார்களா? கடைசிக் கேள்விக்குத்தான் உண்மை வெளியே வரும். "போன மாரியில முட்டு வந்து மூண்டு நாள் மறிச்சவங்க" என்று அம்மம்மா சொல்வார். அவரைப் பொறுத்தவரை அது வருத்தம் இல்லை, வந்து போன ஒன்று.

வரவு இடாப்பையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். மாதம் தவறாமல் ஒரே கிழமையில் லீவு எடுக்கும் பிள்ளை பெரும்பாலும் கிளினிக் போகும் பிள்ளை.

படி 2: பிள்ளைக்கு ஒரு தாள்

பெற்றோர் கிளினிக் கொப்பியோடு வரட்டும். ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்: பெயர், படம், என்ன வருத்தம், தொடங்கும்போது என்ன அறிகுறி தெரியும், டாக்டர் என்ன செய்யச் சொல்லியிருக்கிறார், எந்த மருந்து, எவ்வளவு. மருந்தின் பெயரைப் பெட்டியில் உள்ளபடி ஆங்கில எழுத்திலேயே பார்த்து எழுதுங்கள். அவசரத்தில் வரும் அம்புலன்ஸ்காரர் தமிழ் வாசிக்கத் தெரியாதவராகவும் இருக்கலாம்.

தொலைபேசி இலக்கம் மூன்று வேண்டும். அப்பா கடலுக்குப் போயிருப்பார், அம்மா வெளிநாட்டில் இருப்பார், பிள்ளையை வளர்ப்பது அம்மம்மா. கூப்பிட்டவுடன் எடுக்கக்கூடிய ஒரு அயலவரின் இலக்கத்தையாவது வாங்குங்கள்.

ஒரு பிரதி உங்களிடம், ஒன்று அலுவலகத்தில், ஒன்று விளையாட்டு ஆசிரியரிடம். சுவரில் ஒட்ட வேண்டாம். அது பிள்ளையின் சொந்த விஷயம்.

படி 3: மருந்து எங்கே இருக்க வேண்டும்

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவசர மருந்தைப் பூட்டி வைக்கக் கூடாது. அலுமாரிச் சாவி அதிபரிடம், அதிபர் வலயக் கல்வி அலுவலகக் கூட்டத்தில் என்றால், அந்த மருந்து இருந்தும் பயனில்லை. முட்டுக்கான பம்பைப் பயன்படுத்தத் தெரிந்த பிள்ளை தன் பையிலேயே வைத்திருக்கட்டும். சின்னப் பிள்ளையின் பம்ப் உங்கள் மேசை லாச்சியில் இருக்கட்டும்.

பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் எந்த மருந்தும் கொடுக்காதீர்கள், பனடோலாக இருந்தாலும். காலாவதித் திகதியைத் தவணைக்கு ஒரு தடவை பாருங்கள்.

சூட்டையும் யோசிக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நம் தகரக் கூரை வகுப்பறை எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸில், குளிர்சாதனப் பெட்டியில் இருக்க வேண்டும். உறையவிட்டால் வீண். பாவனையில் உள்ளதை வெயில் படாத குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். மோட்டார் சைக்கிள் பெட்டியில் எந்த மருந்தையும் வைக்காதீர்கள்.

படி 4: நேரம் வரும்போது என்ன செய்வது

*வலிப்பு.* முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள். பயத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும். மேசை கதிரையைத் தள்ளிவிட்டு, தலைக்குக் கீழே மெத்தென்ற ஏதாவது வையுங்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பது, வாய்க்குள் கரண்டி வைப்பது, கைகாலை அழுத்திப் பிடிப்பது எதுவும் வேண்டாம். சாவியால் வலிப்பு நிற்காது. கரண்டியால் பல் உடையும். உதறல் நின்றதும் பிள்ளையை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடத்துக்கு மேல் போனாலோ, தெளியாமலே திரும்ப வந்தாலோ, அடிபட்டிருந்தாலோ, இதுதான் முதல் தடவை என்றாலோ உடனே அம்புலன்ஸ்.

அந்த நேரத்தில் மற்றப் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். சிறுநீர் போயிருக்கலாம், மேலே ஒரு துணியைப் போர்த்துவிடுங்கள். மாற்றுச் சீருடை ஒன்றை முன்பே வாங்கி வைத்திருந்தால், கண் விழிக்கும் பிள்ளை வெட்கப்பட வேண்டியிருக்காது. அடுத்த நாள் அது பாடசாலைக்கு வருமா வராதா என்பதே சிலவேளை இதில்தான் தங்கியிருக்கிறது.

*நீரிழிவு.* இன்சுலின் போடும் பிள்ளை வியர்த்து, கை நடுங்கி, காரணமில்லாமல் சினந்து, எழுத்துக் கோணலாகி, சும்மா வெறித்துப் பார்த்தால் சீனி இறங்குகிறது என்று எடுங்கள். சீனி பார்க்கும் மானி இருந்தால் 70க்குக் (mg/dL) கீழே காட்டும். மானி இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம். 3 தேக்கரண்டி சீனி அல்லது குளுக்கோஸை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் திரும்பவும் கொடுங்கள். தெளிந்ததும் இரண்டு பிஸ்கட். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் இந்தப் பிள்ளையைத் தனியாக அலுவலகத்துக்கு அனுப்பாதீர்கள்; வழியில் விழுந்தால் யாருக்கும் தெரியாது. பாடம் நடக்கும்போது சாப்பிடவும், கழிப்பறைக்குப் போகவும் இதற்கு அனுமதி கேட்கத் தேவையில்லை என்று எல்லா ஆசிரியர்களுக்கும் சொல்லிவையுங்கள். நோன்பு பிடிக்க ஆசைப்படும் பிள்ளை என்றால், கிளினிக் டாக்டரிடம் கேட்டார்களா என்று வீட்டில் விசாரியுங்கள்.

*முட்டு.* படுக்க வைக்காதீர்கள், நிமிர்ந்து இருக்கட்டும். நீல நிறப் பம்பைக் குலுக்கி, ஸ்பேசர் (பம்பின் வாயில் பொருத்தும் குழாய்) வழியாக ஒரு தடவை அழுத்தி, நாலைந்து மூச்சு இழுக்க விடுங்கள். பிறகு அடுத்தது. எத்தனை என்பது தாளில் இருக்கும். ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினாலோ உதடு நீலித்தாலோ அம்புலன்ஸ். காலையில் வகுப்பைக் கூட்டும் முறையில் இந்தப் பிள்ளையைப் போடாதீர்கள். கூட்டிய சருகை வளவுக்குள் எரிக்கவும் வேண்டாம்.

*ஒவ்வாமை.* இறால், கணவாய், கச்சான் என்று ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்தால் கவனித்துக்கொண்டே இருங்கள். முகம், நாக்கு வீங்கி மூச்சு இழுத்தால் உடனே அம்புலன்ஸ், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. அதற்குரிய அட்ரினலின் ஊசி நம் பாடசாலைகளில் இருக்காது, ஆஸ்பத்திரியில் இருக்கும்.

படி 5: 1990

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஒருவர் அழைக்க, இன்னொருவர் கேட்டடியில் போய் நிற்க வேண்டும். பாடசாலையின் பெயர் மட்டும் சொன்னால் போதாது; எந்த வீதி, எந்தச் சந்தியிலிருந்து எவ்வளவு தூரம், எந்தக் கேட் திறந்திருக்கும் என்று சொல்லுங்கள். இதை ஒரு மட்டையில் எழுதி அலுவலகத் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். யார் பதறினாலும் பார்த்து வாசிக்கலாம். பிள்ளையோடு போகிறவர் அந்தத் தாளையும் மருந்தையும் கையோடு எடுத்துப்போக வேண்டும்.

படி 6: வகுப்புக்கு வெளியே

இல்ல விளையாட்டுப் போட்டிப் பயிற்சியும் சுற்றுலாவும்தான் கூடுதல் கவனம் கேட்பவை. "உனக்கு வருத்தம், நீ வீட்டில் இரு" என்று சொல்லிவிடுவது சுலபம், ஆனால் அநியாயம். டாக்டர் சம்மதித்தால் ஓடட்டும். நிலாவெளியில் கடல் குளிக்கப் போனால், வலிப்பு உள்ள பிள்ளைக்கென்றே நீந்தத் தெரிந்த ஒரு பெரியவர் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் தண்ணீரில் நிற்க வேண்டும். மருந்துப் பை பஸ்ஸில் இருக்கக் கூடாது, பிள்ளையோடு போகும் ஆசிரியரின் தோளில் இருக்க வேண்டும்.

நீங்கள் லீவு போடும் நாளில் பதிலுக்கு வருபவருக்கு இடாப்போடு சேர்த்து இந்தத் தாள்களையும் கொடுங்கள். வருட முடிவில் அடுத்த வகுப்பாசிரியரின் கையில் நேரே கொடுத்து, ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசிவிட்டு வாருங்கள். மருந்தின் அளவு மாறியிருக்கலாம் என்பதால், தை மாதம் அவர் பெற்றோரைக் கூப்பிட்டுப் புதுத் தாள் எழுத வேண்டும்.