வயலின் பிரடை நழுவினால்

தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் மர முளையான பிரடை நிற்கவில்லை என்றதும் பலர் அதை ஓங்கி அழுத்துவார்கள். பிரடைகள் செருகியிருக்கும் பிரடைப் பெட்டியின் மரம் விரிசல் விடுவது பெரும்பாலும் அப்படித்தான்.

ஒரு நேரத்தில் ஒரு தந்தியை மட்டும் கழற்றுங்கள். நான்கையும் தளர்த்தினால் தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரை சாயும், உள்ளே நிற்கும் ஒலித்தூணும் விழலாம்; அதை மறுபடி நிறுத்துவது தனி வேலை.

பிரடையை உருவிப் பாருங்கள். பெட்டியின் இரு சுவர்களும் உரசும் இடங்களில் பளபளப்பான வளையம் முழுச் சுற்றாக இருக்க வேண்டும். ஒரு வளையம்தான் தெரிகிறது, அல்லது பாதியில் அறுந்திருக்கிறது என்றால் சரிவோ வட்டமோ கெட்டிருக்கிறது. 30-க்கு 1 என்ற சரிவில் (30 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. குறுகும்படி) பிரடையைச் சீவி, துளையையும் ரீமர் என்ற துளை சீவும் கருவியால் சீராக்க வேண்டும், கைவினைஞரிடம் விடுங்கள்.

வளையங்கள் சரியென்றால் சாக்பீஸை லேசாகத் தேய்த்து, சில முறை சுழற்றினால் போதும். இறுகித் திக்கினால் உலர்ந்த சோப்பு. வில்லுக்குப் பூசும் ரோசின் வேண்டவே வேண்டாம், பிரடை வெட்டி வெட்டித்தான் நகரும்.

தந்தியைப் பிரடையின் கைப்பிடி இருக்கும் பக்கச் சுவரை நோக்கிச் சுற்றுங்கள். இழுவிசையே பிரடையை உள்ளே இழுக்கும். தந்திச் சுற்று சுவரில் முட்டி நெருக்க விடாதீர்கள்.