கெர்பலில் திரவ எரிபொருள் எஞ்சின்: ஏவுதளத்திலிருந்து சுற்றுப்பாதை வரை

ராக்கெட் கட்டிப் பறக்கவிடும் கணினி ஆட்டமான கெர்பல் ஸ்பேஸ் ப்ரோக்ராமில் திட எரிபொருள் பூஸ்டரைப் பற்றவைத்தால் தீரும் வரை எரியும். நடுவில் நிறுத்த வழியில்லை. திரவ எரிபொருள் எஞ்சினைக் குறைக்கலாம், அணைக்கலாம், மறுபடி மூட்டலாம். அதோடு புதுத் தவறுகளும் வந்து சேரும். அவற்றில் பாதி, எந்த எஞ்சினை எந்த உயரத்தில் எரிப்பது என்று பார்க்காததால் வருபவை. கீழே உள்ள எண்கள் மாட் (ஆடுபவர்கள் செய்த கூடுதல் மாற்றம்) எதுவும் சேர்க்காத 1.12 பதிப்புக்கானவை.

எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது

பாகத்தின் விவரப் பலகையில் உந்துவிசைக்கு இரண்டு எண்கள் இருக்கும்: ஒன்று கடல் மட்டத்தில், மற்றது வெற்றிடத்தில். ஸ்விவல், ரிலையன்ட், டெரியர் என்ற மூன்று எஞ்சின்களைப் பாருங்கள். ஸ்விவலுக்கு 168, 215 கிலோநியூட்டன். ரிலையன்ட்டுக்கு 205, 240. டெரியருக்கு 14.8, 60. எரிபொருள் குடிக்கும் வேகம் எங்கும் ஒன்றுதான். காற்றழுத்தம் உந்துவிசையை மட்டும் தின்றுவிடுகிறது. டெரியரை ஏவுதளத்தில் வைத்தால் ஒன்றரை டன்னைக்கூடத் தூக்கத் திணறும். அதே எஞ்சின் காற்றில்லாத உயரத்தில் 345 விநாடி ஐஎஸ்பி (எரிபொருள் சிக்கனத்தின் அளவு) தரும். அங்கே ஸ்விவல் 320, ரிலையன்ட் 310.

ரிலையன்ட் வலுவானது, எடையும் விலையும் குறைவு. ஆனால் அதன் முனை (சுடர் வெளிவரும் வாய்) ராக்கெட்டைத் திசைதிருப்பத் திரும்பாது. அடியில் துடுப்புகள் இல்லாமல் அதை நம்பிப் புறப்பட வேண்டாம். ஸ்விவலின் முனை 3 பாகை திரும்பும். முதல் ராக்கெட்டுக்கு அதுவே போதும்.

டேங்க்கில் என்ன இருக்கிறது

எஃப்எல்-டி400 டேங்க்கில் 180 அலகு திரவ எரிபொருள், அது எரியத் தேவையான ஆக்ஸிடைசர் 220 அலகு. இந்த 9:11 விகிதத்தில்தான் மேலே சொன்ன மூன்று எஞ்சின்களும் எரிக்கும். இரண்டிலும் ஓர் அலகு 5 கிலோ. ஆக, உள்ளே 2 டன், காலி டேங்க் 0.25 டன்.

விமானத்துக்கான பல டேங்க்குகளில் ஆக்ஸிடைசர் கிடையாது. வடிவம் பொருந்துகிறதே என்று ராக்கெட் எஞ்சினுக்கு மேல் ஒட்டினால் அது மூச்சுவிடாது. நெர்வ் எனும் அணு எஞ்சின் இதற்கு நேர்மாறு: அது திரவ எரிபொருளை மட்டும் குடிக்கும். அதற்குச் சாதாரண டேங்க் வைத்தால், கட்டும்போதே ஆக்ஸிடைசர் அளவைப் பூஜ்யத்துக்கு இழுத்துவிடுங்கள். இல்லையேல் வீண் சுமை.

கட்டுவது, மேலிருந்து கீழாக

பாராசூட், விமானி உட்காரும் எம்கே1 கலம், 1.25 மீட்டர் வெப்பக் கவசம், டிகப்ளர் (பாகங்களைப் பிரித்துவிடும் வளையம்), ஒரு எஃப்எல்-டி400, டெரியர். இதுவரை சுமார் 4 டன். அதற்கடியில் இன்னொரு டிகப்ளர், ஒரு எஃப்எல்-டி800 (டி400-இன் இருமடங்கு), ஒரு எஃப்எல்-டி400, ஸ்விவல். மொத்தம் 12.3 டன். அடியில் நான்கு சிறு துடுப்புகள்.

எடை 121 கிலோநியூட்டன், உந்துவிசை 168, உந்துவிசை ÷ எடை விகிதம் 1.39. நல்ல இடம். இன்னும் தூரம் போகலாமே என்று கீழே இரண்டு எஃப்எல்-டி800 அடுக்கினால் 14.6 டன் ஆகி விகிதம் 1.17-க்கு இறங்கும். ராக்கெட் கிளம்பும், ஆனால் நகர்வதற்குள் பாதி எரிபொருள் ஈர்ப்போடு மல்லுக்கட்டியே தீரும்.

டெல்டா-வி, அதாவது ராக்கெட் மொத்தம் மாற்றக்கூடிய வேகத்தின் கணக்கு: ஐஎஸ்பி × 9.81 × இயல் மடக்கை (நிரம்பிய நிறை ÷ காலி நிறை). மேல் ஸ்டேஜுக்கு (மேல் அடுக்குக்கு) 345 × 9.81 × 0.686, அதாவது விநாடிக்கு 2,320 மீட்டர். கீழ் ஸ்டேஜ் வெற்றிடக் கணக்கில் 2,095. இரண்டும் சேர்ந்து 4,400-க்குப் பக்கம். ஆட்டத்தின் கோளான கெர்பினைச் சுற்ற ஏறத்தாழ 3,400 போதும், கோளின் ஆரம் 600 கிலோமீட்டர்தான் என்பதால். பூமியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

ஸ்பேஸ் விசையை அழுத்த அழுத்த இயங்கும் ஸ்டேஜ் வரிசை, கீழிருந்து மேலே: ஸ்விவல், நடு டிகப்ளரும் டெரியரும் சேர்த்து, கவசத்தடி டிகப்ளர், பாராசூட். ஆட்டம் தானாகப் போடும் வரிசையை நம்பாதீர்கள். பாராசூட் முதல் ஸ்டேஜில் நழுவி உட்கார்ந்திருப்பது அடிக்கடி நடக்கும்.

பறப்பது

'டி' (T) அழுத்தி எஸ்ஏஎஸ் (ராக்கெட்டின் திசையை நிலையாகப் பிடிக்கும் உதவி), 'இசட்' (Z) அழுத்தி முழு த்ராட்டில் (எஞ்சின் விசை அளவு), பிறகு ஸ்பேஸ். த்ராட்டில் பாதியிலிருந்தால் 84 கிலோநியூட்டன்தான் வரும். ராக்கெட் நின்ற இடத்திலேயே எரிந்துகொண்டிருக்கும்.

வேகம் விநாடிக்கு 100 மீட்டரைத் தொட்டதும் கிழக்கே, அதாவது 90 பாகைத் திசையில், 5 முதல் 10 பாகை சாயுங்கள். அப்புறம் மூக்கு பயணத் திசைக் குறியை ஒட்டியே போகட்டும். 10 கிலோமீட்டரில் ஏறக்குறைய 45 பாகைச் சாய்வு இருந்தால் சரி. அடர்ந்த காற்றில் சடாரென்று திருப்பினால் ராக்கெட் குட்டிக்கரணம் அடிக்கும். கவிழ்ந்தபின் ஸ்விவலின் 3 பாகை அதைக் காப்பாற்றாது.

முழு த்ராட்டிலில் கீழ் ஸ்டேஜ் 88 விநாடி எரியும். கடைசி விநாடிகளில் விகிதம் 3-ஐத் தாண்டும். இன்னும் தாழப் பறந்துகொண்டிருந்தால் கன்ட்ரோல் விசையால் குறையுங்கள். தீர்ந்ததும் ஸ்பேஸ், டெரியர் மூளும். மேல் டேங்க் நிறைய இருக்க ஸ்விவல் அணைந்தது கோளாறல்ல: டிகப்ளர் எரிபொருளைக் கீழே விடாது.

வரைபடத்தில் பாதையின் உச்சிப் புள்ளி 80 கிலோமீட்டரைத் தொட்டதும் 'எக்ஸ்' (X) அழுத்தி எஞ்சினை அணையுங்கள். காற்று 70 கிலோமீட்டர் வரை இருப்பதால் உச்சி சற்றே இறங்கும். வெளியே வந்தபின் சரிசெய்யலாம். உச்சியில் ஒரு மானூவர் குறி (அடுத்து எரிக்க வேண்டிய இடத்தின் குறி) வைத்து, எரிக்கும் நேரம் 60 விநாடி என்று காட்டினால் 30 விநாடி முன்னதாகவே மூட்டுங்கள். வேகம் விநாடிக்கு 2,279 மீட்டரை எட்டினால் வட்டம் முடிந்தது. நிஜ எஞ்சின்களை இப்படி நினைத்தபோதெல்லாம் மூட்ட முடியாது. எடையற்ற நிலையில் மிதக்கும் எரிபொருளை முதலில் டேங்க்கின் அடிக்குக் கொண்டுவர வேண்டும். ஆட்டம் அதைக் கண்டுகொள்வதில்லை.

திரும்புவதற்கு எதிர்த்திசையில் எரித்து வேகத்தை விநாடிக்கு 45 மீட்டர் குறைத்தாலே பாதையின் தாழ்புள்ளி 30 கிலோமீட்டருக்கு இறங்கும். எதற்கும் விநாடிக்கு 100 மீட்டர் டெல்டா-வி மிச்சம் வையுங்கள். 70 கிலோமீட்டருக்குள் நுழையும் முன் டெரியரைக் கழற்றிவிட்டு, கவசம் முன்னால் இருக்கும்படி கலத்தைத் திருப்புங்கள். பாராசூட் குறி பாதுகாப்பு நிறத்துக்கு மாறும்வரை ஸ்பேஸ் பக்கம் கை போக வேண்டாம்.