முட்டி வீக்கம் நின்ன கதை

குறுவை அறுப்பு சமயம் ரோட்டுல கெடந்த வைக்கோல்ல பைக் வழுக்கி வலது முழங்காலுக்குக் கீழ எலும்பு உடைஞ்சு பிளேட் வச்சாங்க. நடக்கலாம்னு டாக்டர் சொன்னதும் திருவையாறு ஆத்தங்கரை ரோட்டுல தெனம் நடந்தேன், மறுநாள் காலைல முட்டி பொம்முனு வீங்கிரும். தைலம், நீ-கேப், ஒண்ணும் கேக்கல, பத்து நாள் வீண். அப்புறம் பிசியோ அண்ணன் டேப்பால ரெண்டு தொடையும் அளந்தாரு, முட்டிச் சிப்பிக்கு (முட்டி முன்னாடி இருக்கிற வட்ட எலும்பு) மேல 10 செ.மீ. தள்ளி வலது தொடை சுத்தளவு 3 செ.மீ. கம்மி! தசை இல்லாததால பாரம் பூரா முட்டில. முட்டிக்கு அடில துண்டைச் சுருட்டி வச்சு அழுத்தி 5 செகண்ட் பிடிக்கச் சொன்னாரு, 10 தடவை, மூணு வேளை. இன்னொண்ணு, ரோட்டு ஓரம் சரிவு, போறப்பவும் வர்றப்பவும் வலது ஓரமாவே நடந்ததால வலது கால் எப்பவும் பள்ளத்துல. இத யாரு கவனிப்பா? நடைய நெல்லு காயவைக்கிற களத்துக்கு மாத்துனேன். மூணாவது வாரம் காலைல சிப்பி ஓரத்துக் குழி பழையபடி தெரிஞ்சுது.