இந்திய நீதித்துறைச் சுதந்திரத்தின் வரலாற்றைப் படிப்பது எப்படி?

முதலில் அரசமைப்புச் சட்டத்தின் 124ஆம் பிரிவை எடுத்து, உச்ச நீதிமன்ற நீதிபதியை யார் நியமிக்கிறார், எவ்வழியில் மட்டுமே நீக்க முடியும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 1973ஐ நிதானமாகப் படியுங்கள். அரசமைப்பைத் திருத்தும் நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்கு வரம்பு வைத்த கேசவானந்த பாரதி வழக்கில் ஏப்ரல் 24 அன்று தீர்ப்பு வந்த கையோடு, அதில் அரசுக்கு உவப்பில்லாத நிலையெடுத்த ஷெலத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என்.ரே தலைமை நீதிபதியாக்கப்பட, மூவரும் பதவி விலகினர். நெருக்கடிநிலையின்போது 1976இல், காவலில் வைக்கப்பட்டோர் நீதிமன்றத்தை நாடும் உரிமை பற்றிய ஆட்கொணர்வு வழக்கில் தனியொருவராக மாறுபட்ட எச்.ஆர்.கன்னாவும் 1977இல் அவ்வாறே ஓரங்கட்டப்பட்டார். தீர்ப்பு, நியமனம் இரண்டின் தேதிகளையும் அருகருகே எழுதிவிட்டால் விளக்கவுரை அநேகமாகத் தேவைப்படாது.

மூத்த நீதிபதிகளே புதிய நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் கொலீஜியம் முறை உருவான கதையைச் சொல்லும் 1981, 1993, 1998 தீர்ப்புகளை வரிசையாக விரைந்து கடக்கலாம். 2015இல், கொலீஜியத்துக்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்ட தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை ரத்துசெய்த தீர்ப்பை மட்டும், நீதிபதி செலமேஸ்வரின் மாறுபட்ட தீர்ப்போடு சேர்த்தே படியுங்கள். கொலீஜியத்தின் வெளிப்படையின்மையை நீதிமன்றத்துக்குள்ளிருந்தே கேள்வி கேட்டது அது.