பழைய இத்தாலிய ரேஸ் சைக்கிள் பிரேம்: ஏமாறாமல் அடையாளம் காண

பிரேமில் கொல்நாகோ என்ற இத்தாலிய நிறுவனத்தின் பெயர் எழுதியிருக்கிறது, அதனால் அது கொல்நாகோதான் என்று நம்பிவிடுவதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். கொல்நாகோவின் கிளாவர் சின்னமும் பிரேம் குழாய் செய்யும் கொலம்பஸ் நிறுவனத்தின் புறா ஸ்டிக்கரும் இன்று புதிதாகவே அச்சடித்துக் கிடைக்கின்றன. மறுபடி பெயின்ட் அடித்த பிரேமில் யாரும் எதையும் ஒட்டலாம். ஸ்டிக்கரை விட்டுவிட்டு உலோகத்தைப் பாருங்கள்: லக்கில் (குழாய்கள் சேரும் இணைப்பில்) வெட்டிய சின்னம், சீட் ஸ்டே (இருக்கைக்குக் கீழிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் குழாய்) முனையில் செதுக்கிய பெயர், முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் தலையில் உள்ள பொறிப்பு. இவற்றிலும் போலி உண்டு, ஆனால் செய்வதற்கு மெனக்கெட வேண்டும்.

பின் டிராப்அவுட்டில் (பின் சக்கர அச்சு உட்காரும் பிளவு) காம்பக்னோலோ என்று இருந்தால் இத்தாலிய பிரேம் என்று முடிவு கட்டாதீர்கள். அது இத்தாலியின் விசென்ஸாவைச் சேர்ந்த உதிரிபாக நிறுவனம். இங்கிலாந்தின் ராலிகூடத் தன் உயர்ரக சைக்கிள்களில் அதன் டிராப்அவுட்டை வைத்தது.

உருப்படியான சாட்சி பாட்டம் பிராக்கெட் கூடுதான், அதாவது பெடல் அச்சு நுழையும் குழாய். இத்தாலிய அளவில் அகலம் 70 மி.மீ., மரை 36 மி.மீ. விட்டம்; ஆங்கில அளவில் அகலம் 68. வெர்னியர் அளவுகோலை வைத்தால் உடனே தெரிந்துவிடும். ஆனால் கழற்றும்போது கவனம் தேவை. ஆங்கிலக் கூட்டில் வலப்பக்கக் கப் (அச்சைத் தாங்கும் மரை வளையம்) இடது மரை, கடிகார முள் திசையில் திருப்பினால் கழலும். இத்தாலியக் கூட்டில் இரு பக்கமும் வலது மரை. பழக்கதோஷத்தில் அதையும் அப்படியே திருப்பினால் இன்னும் இறுகும். முக்கித் திருப்பினால் மரை போகும், பிரேமும் போகும். சரி, 70 மி.மீ. என்றால் இத்தாலியில் செய்ததா? அதுவும் இல்லை. மாசி என்ற இத்தாலிய நிறுவனத்தின் பெயரில் 1970-களில் கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாடிலும் பிரேம் செய்தார்கள்.

கூட்டின் அடியில் 56 என்று பொறித்திருந்தால் 1956 என்று குதிக்க வேண்டாம். பெரும்பாலும் அது சென்டிமீட்டரில் பிரேமின் அளவு. டிரெய்லியரில் (சங்கிலியை நகர்த்தி கியர் மாற்றும் பாகம்) உள்ள வருடமும் அந்த டிரெய்லியரின் வயதைத்தான் சொல்லும், பிரேமின் வயதை அல்ல. பின் டிராப்அவுட் இடைவெளி 120 மி.மீ. என்றால் ஐந்து கியர் காலம், 126 என்றால் ஆறேழு கியர் காலம். அப்புறம் யாராவது விரித்திருக்கவும் கூடும், ஸ்டீல்தானே.

சீட் போஸ்ட்டைத் (இருக்கையைத் தாங்கும் தண்டு) திணித்துப் பார்க்காமல் அது நுழையும் குழாயின் உள்விட்டத்தை அளவெடுங்கள். 27.2 மி.மீ. என்றால் கொலம்பஸ் எஸ்எல் போன்ற மெல்லிய குழாயாக இருக்க வாய்ப்புண்டு. 26-ஐ ஒட்டி நின்றால், ஸ்டிக்கர் என்ன சொன்னாலும், கனமான மலிவுக் குழாய் என்றே வைத்து விலை பேசுங்கள்.